பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள்

தமிழ்நாட்டின் காவலர்களுக்கும், தீயணைப்பு வீரர்களுக்கும், 108 ஊர்தியின் பைலட்டுகளுக்கும் மருத்துவ உதவியாளர்களுக்கும், பேருந்து நடத்துநர்களுக்கும், ஊராட்சி உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்.



2008 செப்டம்பரில் லண்டனின் மேற்கே ஆக்டன் நீச்சல் குளத்துக்கு ஒரு சிறப்புப் பள்ளியிலிருந்து மாணவர்களை அழைத்து வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு வயது 16. ஆட்டிசமும் வலிப்பும் உண்டு, பேச்சு கிடையாது, யாராவது தொட்டால் தாங்கமாட்டான். தண்ணீரைக் கண்டதும் குளத்தோரம் நின்றுவிட்டான். அரை மணி நேரம் கழிந்தும் அசையவில்லை. குளத்தின் மேலாளர் போலீசுக்குப் போன் செய்தார். வந்த போலீசார் பையனின் அருகே போய் முதுகில் கை வைத்தார்கள். அவன் போட்டிருந்த உடுப்போடு குளத்தில் குதித்துவிட்டான். வெளியே இழுத்துத் தரையில் அழுத்திப் பிடித்தார்கள். கைக்கு விலங்கு, காலுக்குப் பட்டை. பிறகு சொட்டச் சொட்ட நனைந்த உடுப்போடு வேனுக்குள் இருந்த கூண்டில் ஏற்றினார்கள். பிடித்ததிலிருந்து விட்டது வரை ஏறக்குறைய 40 நிமிடம்.

குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். 2012இல் வந்த தீர்ப்பு, நடந்தது தாக்குதல், சட்டவிரோதக் காவல், மாற்றுத்திறனாளிக்கு எதிரான பாகுபாடு, மனித உரிமை மீறல் என்று வரிசையாகச் சொல்லி 28,250 பவுண்டு இழப்பீடு விதித்தது. லண்டன் மாநகரப் போலீஸ் மேல்முறையீட்டுக்குப் போய் 2013இல் அங்கேயும் தோற்றது. அந்தப் போலீசார் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் இல்லை. பையன் தண்ணீரில் விழுந்துவிடக் கூடாது என்ற கவலையில்தான் வந்தார்கள். அவனுக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று அறிந்த பள்ளி ஊழியர்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தார்கள். கை வைப்பதற்கு முன் அவர்களிடம் முறையாகக் கேட்கவில்லை என்பதுதான் வழக்கின் மையம்.

இந்த மடல் அந்த ஒன்றைப் பற்றித்தான். ஆட்டிசம் தொடர்பாக உலகெங்கும் நீதிமன்றம் வரை, சில வேளை சவக்கிடங்கு வரை போன சம்பவங்களை எடுத்துப் பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரிகிறது. விவரம் தெரிந்தவர் ஒருவர் அங்கேயே இருந்திருக்கிறார். வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறார்.

2016 ஜூலையில் அமெரிக்காவின் வடக்கு மயாமியில் ஒரு பராமரிப்பு இல்லத்திலிருந்து வெளியேறிய ஆட்டிச இளைஞர் நடுத்தெருவில் உட்கார்ந்து பொம்மை லாரியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். கையில் துப்பாக்கி இருக்கிறது என்று யாரோ போலீசுக்குத் தகவல் கொடுத்துவிட்டார்கள். தேடி வந்த பராமரிப்பாளர் சாலையில் மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் உயர்த்தி, அது பொம்மை லாரி, சுட வேண்டாம் என்று கத்தினார். போலீஸ்காரர் மூன்று முறை சுட்டார். குண்டு பாய்ந்தது பராமரிப்பாளரின் காலில். பிறகு அந்தப் போலீஸ்காரர் கொடுத்த விளக்கம் இன்னும் விசித்திரம்: தான் குறிவைத்தது ஆட்டிச இளைஞரையாம். 2019இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அரிசோனாவின் பக்கை நகரப் பூங்காவில் 2017இல் நடந்தது வேறு ரகம். 14 வயதுப் பையன் தனியாக உட்கார்ந்து ஒரு கயிற்றுத் துண்டை முகத்தருகே ஆட்டிக்கொண்டிருந்தான். ஆட்டிச நிலையாளர் பலருக்கு இப்படி ஓர் அசைவு இருக்கும். கையை உதறுவது, உடலை முன்னும் பின்னும் ஆட்டுவது, ஒரு பொருளைச் சுழற்றுவது என்று ஏதோ ஒன்று. மனம் கொந்தளிக்கும்போது அவர்களைத் தரையில் நிறுத்தி வைப்பது அதுதான். என்ன செய்கிறாய் என்று போலீஸ்காரர் கேட்டார். இது என் ஆட்டிச அசைவு என்ற பொருளில் பையன் சரியாகவே பதில் சொன்னான், கயிற்றையும் காட்டினான். போலீஸ்காரருக்குப் புரியவில்லை. பையன் நகர முயன்றதும் பிடித்து அழுத்தினார். பராமரிப்பாளர் ஓடி வந்து ஆட்டிசம் என்று சொன்ன பிறகும் பிடி உடனே தளரவில்லை. அந்தப் போலீஸ்காரர் போதைப்பொருள் உட்கொண்டவர்களை அடையாளம் காண்பதில் தனிப்பயிற்சி பெற்றவர். ஒன்றைத் தேடக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவர் கண்ணுக்கு அதுதான் தெரிந்தது.

பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் பலருக்கு ஒரு மதிய வேளை நினைவுக்கு வரும். குளிரூட்டிய அரங்கு, பவர்பாயின்ட், டீ, பிஸ்கெட், கடைசியில் குழுப்படம். ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள் என்பதால் கட்டடங்களுக்கு நீல விளக்குப் போடுவதும் அந்த வரிசையில் சேரும். போடட்டும், தப்பில்லை. ஆனால் காக்கிச் சட்டை போட்ட நாளிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கத்தை அது அசைக்காது. குரலை உயர்த்து, சுற்றி நில், கேட்ட கேள்விக்கு உடனே பதில் வாங்கு, வராவிட்டால் கையைப் பிடி. திருடனிடம் பல நேரம் பலிக்கும் இந்த முறை, ஆட்டிச நிலையாளரிடம் ஒவ்வோர் அடியிலும் நிலைமையை மோசமாக்கும். உரத்த குரல் காதில் வலியாக விழும். சுற்றி நின்றால் தப்பிக்கும் வழி அடைபடும். கேள்வி உள்ளே போய்ப் பதிலாகத் திரும்பச் சில நொடிகள் பிடிக்கும், அதற்குள் அடுத்த கேள்வி வந்தால் முதலில் கேட்டதும் கலைந்துவிடும். கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய் சொல்கிறான் என்ற ஸ்டேஷன் கணக்கு இங்கே சுத்தமாகத் தப்பு.

விசாரணை அறைக்குள் இதைவிட ஆபத்தான ஒன்று காத்திருக்கிறது. ஆட்டிச நிலையாளர் சிலர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். "நீ எடுத்தியா?" என்று ஏட்டு கேட்டால் "நீ எடுத்தியா" என்றோ, வெறும் "எடுத்தியா" என்றோ பதில் வரும். "ஆமாவா, இல்லையா?" என்றால் "இல்லையா" என்று கடைசிச் சொல் திரும்பி வரும். அதையே "இல்லையா, ஆமாவா?" என்று மாற்றிக் கேட்டால் "ஆமா" கிடைத்துவிடும். வழக்கை முடிக்கும் அவசரத்தில் இருப்பவருக்கு அது ஒப்புதல் வாக்குமூலம். கேள்வியின் வரிசையை மாற்றி ஒருமுறை கேட்டுப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். இந்தச் சின்னச் சோதனையைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். சொல்லித் தராததால் ஒருவர் சிறைக்குப் போக நேரலாம். மாற்றுத்திறனாளி ஒருவரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர் வசிக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. போக்சோ வழக்கில் மாற்றுத்திறனுள்ள குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யச் சிறப்புக் கல்வியாளரின் உதவியைப் பெறவும் வழி இருக்கிறது. எத்தனை ஸ்டேஷன் ரைட்டர்களிடம் பக்கத்து ஊர்ச் சிறப்புக் கல்வியாளரின் எண் இருக்கிறது?

அமெரிக்கக் கதைகள் நமக்கெதற்கு, இங்கே போலீஸ் எடுத்ததற்கெல்லாம் துப்பாக்கி நீட்டுவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கே ஆபத்து வேறு உருவத்தில் வரும், கூட்டமாக. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அதே வாரம் பழவேற்காட்டில், மனநலம் பாதிக்கப்பட்டவராகத் தெரிந்த ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். இருவருக்கும் ஆட்டிசம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் ஆட்டிச இளைஞர்களின் தாய்மார்கள் என்ன பயந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெயர் கேட்டால் சொல்லாத, காரணமில்லாமல் சிரிக்கிற, வழியில் போகும் குழந்தையின் பலூனைத் தொட்டுப் பார்க்கிற 25 வயது ஆண், அந்நிய ஊரில், அப்படியொரு மாலையில். கூட்டம் கூடிய முதல் சில நிமிடங்களில் அங்கே நிற்கப்போவது ரோந்து வாகனமோ, பேருந்து நடத்துநரோ, வார்டு உறுப்பினரோதான். அவர்களில் ஒருவருக்காவது, இது ஆட்டிசமாக இருக்கலாம் என்று தோன்ற வேண்டும். அந்த ஒரு எண்ணம் தோன்றுவதற்குத்தான் பயிற்சி.

இனி தண்ணீர். தீயணைப்பு வீரர்கள் இந்தப் பகுதியைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

ஆட்டிசக் குழந்தைகள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிடுவது பெற்றோருக்குத் தீராத தலைவலி. 1,218 குழந்தைகளின் பெற்றோரிடம் அமெரிக்காவில் கேட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது அப்படி வெளியேற முயன்றவர்கள் 49 சதவீதம். காணாமல் போனவர்களில் நான்கில் ஒரு பங்கினர் நீரில் மூழ்கும் ஆபத்தைத் தொட்டுத் திரும்பியவர்கள். 2017இல் வந்த இன்னோர் ஆய்வு அதைவிடக் கலங்கடிக்கிறது. 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆட்டிசக் குழந்தைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 160 மடங்கு. தண்ணீரின் மினுக்கமும் அலையும் அவர்களை ஈர்க்கின்றன. ஆழம் பற்றிய பயம் பலருக்கு வருவதில்லை.

2013 அக்டோபரில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளியிலிருந்து வெளியே நடந்துவிட்டான். பேச்சு இல்லாதவன். ரயில்கள் மேல் அவனுக்குப் பிரியம் என்பதால் சுரங்க ரயில் பாதைகளில் தேடினார்கள். அம்மாவின் குரலைப் பதிவு செய்து போலீஸ் வண்டிகளின் ஒலிபெருக்கியில் தெருத்தெருவாக ஒலிக்கவிட்டார்கள். அந்த யோசனை யாருக்கு வந்ததோ, அருமையான யோசனை. ஆனாலும் 2014 ஜனவரியில் அவன் உடல் ஈஸ்ட் ஆற்றங்கரையில்தான் கிடைத்தது. அந்த மரணத்தையும், அயோவாவில் 2008இல் ஆற்றில் மூழ்கிய 9 வயதுச் சிறுவனின் மரணத்தையும் முன்வைத்து, இருவர் பெயரையும் தாங்கிய சட்டம் 2018இல் அமெரிக்காவில் நிறைவேறியது. தேடுதல் பணியாளர்களுக்குப் பயிற்சி தரவும் இருப்பிடம் காட்டும் கருவிகள் வாங்கவும் அதன்மூலம் நிதி கிடைக்கிறது.

நம் ஊர்களுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் வேலை தெளிவு. ஆட்டிசக் குழந்தையைக் காணவில்லை என்று தகவல் வந்ததும் முதல் ஆளைத் தண்ணீருக்கு அனுப்புங்கள். கிணறு, கண்மாய், ஊருணி, கோயில் குளம், கல்குவாரிக் குட்டை. பேருந்து நிலையமும் சொந்தக்காரர் வீடும் அப்புறம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான் என்பதை நினைவில் வையுங்கள். சைரன் கேட்டால் ஒளிந்துகொள்ளக்கூடும். பிடித்த பாட்டு எது, பிடித்த தின்பண்டம் எது, எதைக் கண்டால் ஓடுவான் என்று தாயிடம் கேட்டுவிட்டுத் தேடக் கிளம்புங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பதிலுக்கு இங்கே இடமே இல்லை. காணாமல் போன ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே உத்தரவிட்டுவிட்டது. தீ விபத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. வெளியே கொண்டுவந்த குழந்தை, தனக்குப் பழகிய இடம் என்று எரியும் வீட்டுக்குள்ளேயே திரும்ப ஓடலாம். மீட்ட பிறகும் ஒருவர் கை அவன் மேல் இருக்க வேண்டும், முகமூடி போட்ட வீரரின் கையைவிட வீட்டாரின் கை நல்லது.

கிடைத்த குழந்தையைச் சேர்ப்பதும் எளிதில்லை. 2011இல் நாக்பூர் ரயில் நிலையத்தில் கிடைத்த எட்டு வயதுச் சிறுவன், அறிவுசார் குறைபாடு காரணமாக ஊரையும் பெயரையும் சொல்லத் தெரியாமல், பெற்றோரைப் பிரிந்து பத்தாண்டு வளர்ந்தான். 2021இல் அவனுக்கு ஆதார் எடுக்கப் போனபோது கைரேகை ஏற்கெனவே பதிவாகியிருந்தது தெரிந்து, ஜபல்பூரில் இருந்த பெற்றோர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அந்த விரலை முதல் வாரத்திலேயே யாராவது கருவியில் வைத்துப் பார்த்திருக்கலாமோ என்று தோன்றத்தான் செய்கிறது.

108 ஊழியர்களுக்கு ஒரு சிறப்புக் குறிப்பு. வலி இருக்கிறதா என்று கேட்டு ஆட்டிசக் குழந்தையிடம் பதில் எதிர்பார்க்காதீர்கள். எலும்பு முறிந்தும் அழாதவர்கள் இருக்கிறார்கள், ரத்த அழுத்தப் பட்டை இறுகியதற்கே அலறுபவர்களும் இருக்கிறார்கள். செய்யப்போவதை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கருவியைக் காட்டிவிட்டு, கை கால் பக்கமிருந்து தொடங்கித் தலைக்கு வருவது நல்லது. உயிருக்கு ஆபத்தில்லாத பட்சத்தில் சைரனை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் குப்புறக் கிடத்தி முதுகில் அழுத்தாதீர்கள். லூசியானாவின் ஜெஃபர்சன் வட்டாரத்தில் 2020 ஜனவரியில் ஒரு வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில், ஆட்டிசம் கொண்ட 16 வயதுப் பையனைப் போலீசார் அப்படிக் கிடத்தி மேலே உட்கார்ந்தார்கள். ஒன்பது நிமிடத்துக்கு மேல். பெற்றோர் அருகிலேயே இருந்தார்கள். பையன் பிழைக்கவில்லை.

சரி, எப்படிப்பட்ட பயிற்சி? இதற்கு உலகில் இருக்கும் முன்மாதிரிகளில் இங்கிலாந்தின் மருத்துவத் துறை செய்துகொண்டிருப்பது உருப்படியானது. அதன் பின்னாலும் ஒரு மரணம் இருக்கிறது. ஆலிவர் மெக்கோவன் என்ற 18 வயது ஆட்டிச இளைஞர் 2016 நவம்பரில் பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் இறந்தார். மனநோய்க்கான மருந்துகள் தன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரே சொன்னார், பெற்றோரும் சொன்னார்கள். மீறிக் கொடுத்தார்கள். மூளை வீங்கி இறந்துபோனார். தவிர்த்திருக்கக்கூடிய மரணம் என்று பின்னர் நடந்த தனி ஆய்வு கூறியது. அவர் தாய் பவுலா மெக்கோவன் ஓயவில்லை. 2022இல் வந்த சட்டத்தின்படி இங்கிலாந்தில் பதிவு பெற்ற மருத்துவ, பராமரிப்பு நிறுவனங்கள் அனைத்தும் தம் ஊழியர்களுக்கு ஆட்டிசம், கற்றல் குறைபாடு பற்றிய பயிற்சி தந்தாக வேண்டும். ஆலிவர் பெயரில் அரசு வகுத்த பயிற்சியின் சிறப்பு அதன் பாடத்திட்டத்தில் இல்லை, நடத்துபவர்களில் இருக்கிறது. ஆட்டிச நிலையாளர் ஒருவரும் கற்றல் குறைபாடு உள்ள ஒருவரும் பயிற்றுநர்களாக வகுப்பில் பேசுவார்கள். நோயாளிகளை நேரடியாகக் கையாள்பவர்களுக்கு ஒரு முழுநாள் நேர்முக வகுப்பு.

அதுவே போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2020 செப்டம்பரில் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் ஒரு தாய், கொந்தளித்துக்கொண்டிருந்த தன் 13 வயது ஆட்டிச மகனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக, இத்தகைய நெருக்கடிகளைக் கையாளப் பழகிய போலீசார் வேண்டும் என்று கேட்டே அழைத்தார். வந்தவர்கள் ஓடிய பிள்ளையைப் பலமுறை சுட்டார்கள். உயிர் தப்பியது அதிர்ஷ்டம். வகுப்பில் கேட்டது தெருவில் கை நடுங்கும்போது நினைவுக்கு வர வேண்டுமானால், பாடமாக இல்லாமல் ஒத்திகையாக அது நடந்திருக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள ஒருவரோடு ஒரு முறையாவது அமைதியாக ஒரு டீ குடித்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்கெனப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதன் 47ஆவது பிரிவு, ஊராட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், நிர்வாகிகள், காவல்துறையினர், நீதிபதிகள், வழக்கறிஞர்கள் ஆகியோருக்கு நடத்தும் எல்லாப் பயிற்சிகளிலும் மாற்றுத்திறனாளி உரிமை பற்றிய பாடத்தைக் கட்டாயமாக்கச் சொல்கிறது. பரிந்துரை இல்லை, கடமை. ஊனமாஞ்சேரி காவலர் பயிற்சியகத்தில் தொடங்கி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நடக்கும் புத்தாக்கப் பயிற்சி வரை இது செல்லும்.

பயிற்சி இல்லாத இடத்தில் முன்வரிசை ஊழியரே நீதிபதியாகிவிடுவார் என்பதை 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையம் காட்டியது. பதற்றத்தில் இருந்த மாற்றுத்திறனுள்ள சிறுவனை இண்டிகோ ஊழியர்கள் விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். பையன் அமைதியாகிவிட்டான் என்று பெற்றோர் சொன்னார்கள், சக பயணிகளாக இருந்த மருத்துவர்கள் உதவ முன்வந்தார்கள். பயனில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அத்தோடு நிற்காமல், குறைபாட்டைக் காரணம் காட்டிப் பயணம் மறுக்கும் முன் விமான நிலைய மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று விதியையும் திருத்தியது. நகரப் பேருந்தில், கத்தும் பிள்ளையோடு ஏறிய தாயை இறங்கச் சொல்லும் நடத்துநருக்கு அப்படி ஒரு விதி இன்னும் இல்லை.

ஆட்டிசம் பற்றிப் படிக்கத் தமிழில் நூல்கள் உண்டு. யெஸ். பாலபாரதியின் ‘துலக்கம்’ நாவலைக் காவல் நிலைய அலமாரியில் வைத்தால் இரவுப் பாராவில் இருப்பவர் புரட்டிப் பார்ப்பார். ஆட்கள் கிடைப்பதும் சிரமமில்லை. சென்னையை ஒட்டிய முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது, சிறப்புப் பள்ளி இல்லாத மாவட்டம் இல்லை. பெற்றோர் சங்கங்களைக் கூப்பிட்டால் மறுக்கவா போகிறார்கள்? ஒரே ஒரு எச்சரிக்கை. ஆட்டிசக் குழந்தைகள் உள்ள வீடுகளைப் பட்டியலிட்டு ஸ்டேஷனில் வைக்கலாம் என்று ஆர்வமுள்ள அதிகாரி யாராவது கிளம்புவார். குடும்பம் விரும்பிக் கொடுத்தால் ஒழிய வேண்டாம். அது சந்தேக நபர் பட்டியலாக மாற எத்தனை நாளாகும் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கிலாந்தில் வகுப்பெடுக்கும் ஆட்டிசப் பயிற்றுநர்கள் அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறார்கள். இங்கே அழைக்கும்போது சால்வையோடு அனுப்பிவிடும் வழக்கத்தை விட்டுவிட்டு, மதிப்பூதியத்துக்கும் உடன் வருபவரின் போக்குவரத்துச் செலவுக்கும் உங்கள் கணக்குப் பிரிவில் ஒரு தலைப்பைத் திறக்கச் சொல்லுங்கள். அரங்கில் ஒலிபெருக்கி வேண்டாம், மின்விசிறியின் கடகட சத்தத்தைச் சரிசெய்துவிடுங்கள், இடையில் எழுந்து போய் உட்கார ஓர் அமைதியான அறை ஒதுக்குங்கள். முதல் வகுப்புக்கு எஸ்.ஐ.க்களை மட்டும் அழைக்காமல், 112 அழைப்பை எடுப்பவரையும், ரோந்து வாகன ஓட்டுநரையும், அந்தச் சரகத்தின் 108 பைலட்டையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். சம்பவ இடத்துக்கு முதலில் போய்ச் சேருபவர்கள் அவர்கள்தான்.